ஸ்டேடியத்துக்குள் கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்து ஸ்டேடியத்தை வைத்துச் செய்யப்பட்ட கலைப்படைப்புகளின் படங்களைக் கிடைத்தவர்களிடம் எல்லாம் காட்டுவது என் பழக்கம். கால்பந்துப் பைத்தியங்கள் "இதுல கலை எங்க இருக்கு?" என்பார்கள். ஓவியக் கண்காட்சிகளுக்குப் போகிறவர்கள் "இதுல பந்து எதுக்கு?" என்பார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்துவிட்டேன். முதலில் எளிய சந்தேகங்கள், போகப்போக வம்பான கேள்விகள்.

நிறுவல் கலைன்னா என்ன? சிலை மாதிரிதானே?

சிலையை வெளியே நின்று பார்க்கிறோம், நிறுவலுக்குள் நடந்து போகிறோம். அறை, வெளிச்சம், சத்தம், நாம் எந்த வழியாக உள்ளே வருகிறோம் என்பது வரை எல்லாமே படைப்பில் சேர்த்தி. 'இன்ஸ்டலேஷன்' என்று சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது. அப்படியே சொல்லுங்கள், தப்பில்லை.

ஒரு சம்பவத்தை வைத்தே வித்தியாசத்தைக் காட்டலாம். 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் வீரர் ஸிடான் இத்தாலிய வீரர் மட்டராசியின் மார்பில் தலையால் முட்டி, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அடெல் அப்தெஸ்ஸமட் 2012இல் அந்த முட்டலை ஐந்து மீட்டருக்கும் அதிக உயரத்தில் வெண்கலத்தில் வார்த்தார். அதைச் சுற்றி வரலாம், அண்ணாந்து பார்க்கலாம், ஆனால் உள்ளே போக முடியாது. அது சிலை. ஹாரூன் ஃபரோக்கி அதே ஆட்டத்தை 2007இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டோக்குமெண்டா கண்காட்சியில் 12 திரைகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். எந்தத் திரையைப் பார்ப்பது என்று நாம்தான் திரும்பித் திரும்பி முடிவு செய்ய வேண்டும். அது நிறுவல்.

சரி, அதுக்கு ஏன் ஸ்டேடியம்? எத்தனையோ கட்டடம் இருக்கே?

நாடக அரங்கில் எல்லோருடைய கண்ணும் மேடை மேல் இருக்கும், பக்கத்தில் இருப்பவர் தலை இருட்டில் இருக்கும். ஸ்டேடியம் கிண்ணம் மாதிரி. ஆட்டத்துக்கு அப்பால் எதிர்ப்பக்கத்தில் இன்னும் பல்லாயிரம் முகங்கள் தெரியும். கூட்டம் ஆட்டத்தைப் பார்க்கிறது, தன்னையும் பார்த்துக்கொள்கிறது. யார் எங்கே உட்கார வேண்டும், எந்த வாசல் வழியாக வர வேண்டும், எந்த நிறத்தில் சட்டை போட வேண்டும் என்பதையெல்லாம் கட்டடமே முடிவு செய்கிறது. நிறுவல் கலைஞர் ஒரு அறையை வைத்துக்கொண்டு படாத பாடுபட்டுச் செய்வதை ஸ்டேடியம் வாராவாரம் சாதாரணமாகச் செய்துவிடுகிறது. கலைஞர்களுக்கு இதன் மேல் கொஞ்சம் பொறாமை என்றே நினைக்கிறேன்.

இதை முதலில் விரிவாக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் அந்தோனி முந்தாதாஸ். 'ஸ்டேடியம்' என்ற நிறுவலை 1989இல் கனடாவின் பான்ஃப் நகரில் தொடங்கினார். பிறகு ஊர் ஊராக, ஒவ்வொரு முறையும் மாற்றி, எண் போட்டு மறுபடி மறுபடி அமைத்தார். அதில் கட்டடம் இருக்கும், கூட்டம் இருக்கும். விளையாட்டு அங்கே முக்கியமில்லை.

தமிழில் ஒரு வசதி: பார்வையாளர் உட்காரும் படிக்கட்டும் கேலரிதான், ஓவியம் மாட்டும் இடமும் கேலரிதான். இந்தப் பக்கம் முழுவதையும் அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

இந்தப் படைப்புகளைப் பார்க்குறப்போ எதைக் கவனிக்கணும்? எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: ஸ்டேடியத்தில் இருந்து எதை எடுத்துவிட்டார்கள்? பந்தையா, எதிரணியையா, கூட்டத்தையா, புல்லையா? எதை எடுத்தார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால், மிச்சம் இருப்பது ஏன் இன்னும் நம்மை உலுக்குகிறது என்று யோசிக்க ஆரம்பிக்கலாம். கீழே வரும் பதில்களில் இந்தக் கேள்வியை அடிக்கடி இழுப்பேன்.

கால்பந்து தெரியாதவங்களுக்கு இது புரியுமா?

பெரும்பாலும் புரியும். ஆனால் சிலவற்றுக்கு உள்விவரம் தேவைப்படும். மெக்சிகோக்காரர் மிகேல் கால்டெரோன் 2004இல் பழைய ஆட்டக் காட்சிகளை வெட்டி ஒட்டி, மெக்சிகோ பிரேசிலை 17-0 என்று வெல்லும் வீடியோ ஒன்று செய்தார். பிரேசில் யார் என்று தெரியாதவருக்கு அது வெறும் கோல் தொகுப்பு. தெரிந்தவர் வயிறு வலிக்கச் சிரிப்பார்.

ஸ்டேடியத்துக்குள்ள காட்டையே கொண்டுவந்து வச்சாங்களாமே, அது நிஜமா?

நிஜம்தான். ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில், 2008 ஐரோப்பியக் கோப்பைக்காகக் கட்டிய வோர்தர்சே ஸ்டேடியத்தில், 2019 செப்டம்பர் 8 முதல் அக்டோபர் 27 வரை, புல் தெரிய வேண்டிய இடத்தில் 299 மரங்கள் நின்றன. செய்தவர் சுவிட்சர்லாந்தின் கிளாவுஸ் லிட்மான். மரங்களைத் தேர்ந்து அடுக்கியவர் நிலவடிவமைப்பாளர் என்சோ எனேயா. கன்றுகள் இல்லை, வளர்ந்த மரங்கள். சில 14 மீட்டர் உயரம், பல டன் எடை. நுழைவுக் கட்டணம் கிடையாது. இரவானதும் ஆட்டத்துக்குப் போடும் அதே ராட்சத விளக்குகளை மரங்கள் மேல் போட்டார்கள்.

யோசனை லிட்மானுடையது இல்லை. மாக்ஸ் பைன்ட்னர் என்ற ஆஸ்திரியக் கலைஞர் 1970-71இல் பென்சிலால் ஒரு படம் வரைந்திருந்தார். நிரம்பி வழியும் ஸ்டேடியம், நடுவில் காடு, பின்னால் தொழிற்சாலைகளும் கட்டடங்களும். இயற்கையைக் காட்சிப்பொருளாகத்தான் பார்க்க முடியும் என்ற ஒரு காலம் வரும் என்பது படத்தின் கிண்டல். லிட்மான் அந்தப் படத்தைப் பல வருடங்கள் மனதில் வைத்திருந்து கடைசியில் நடத்திக் காட்டினார்.

இங்கே எடுக்கப்பட்டது ஆட்டம் முழுவதும். ஆனாலும் போய் உட்கார்ந்தவர்கள் வரிசையாக இருக்கையில் அமர்ந்து, கிண்ணத்தின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோல் விழப்போவதில்லை, இலை நிறம் மாறும், அவ்வளவுதான். அதைப் பார்க்கக்கூடக் கட்டடம் நம்மை உட்கார வைத்துவிடுகிறது. எனக்கு மரங்களை விட இதுதான் வியப்பு.

அந்தக் காட்டால ஆட வேண்டிய அணிக்குச் சிக்கல் வரலையா? காசும் வீண்தானே?

வந்தது. அந்தப் பருவத்தில் ஐரோப்பா லீக்கில் ஆடிய வோல்ஃப்ஸ்பெர்க் அணி தன் ஆட்டங்களை கிராட்ஸ் நகருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அரசியல் எதிர்ப்பும் கிளம்பியது. பணம் தனியார் புரவலர்களிடமிருந்து வந்தது என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லியும் சண்டை ஓயவில்லை. கால்பந்து ரசிகருக்கு எரிச்சல் வந்தது நியாயம் என்பேன். மைதானம் அவருடையதும்தானே.

பொதுப் பணத்தில் நடந்தவையும் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த கலைவிழாவில், ஸ்காட்லாந்தில் கிரெய்க் கூல்தார்ட் ஒரு வணிக மரக்காட்டுக்கு நடுவில் மரங்களை வெட்டி முழு அளவு ஆடுகளம் அமைத்தார். ஒதுக்கப்பட்ட தொகை 4,60,000 பவுண்டு. வெட்டிய மரத்தையே கோல் கம்பத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஜூலையில் ஒரே ஒரு நாள் ஆட்டம். ஆடியவர்களில் பிரிட்டிஷ் குடியுரிமையைப் புதிதாகப் பெற்றவர்கள் இருந்தார்கள். பிறகு ஆடுகளத்தின் கோடுகள் இருந்த இடத்தில் அந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டு, காட்டிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகை அதிகமா என்று கேட்டால், ஒரு நடுத்தர ஆட்டக்காரரின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று தப்பித்துக்கொள்வேன்.

பகைமையை எப்படிக் கலையாக்குறது? ரெண்டு கொடியை மாட்டி வைக்குறதா?

அப்படிச் செய்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கெட்டிக்காரர்கள் பகையை இடம் மாற்றி வைப்பார்கள். கிளாஸ்கோவில் செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் மத அடையாளத்தையும் சுமந்துகொண்டு மோதும் அணிகள். பச்சை ஜெர்சி, நீல ஜெர்சி என்றால் அந்த ஊரில் சாதாரண விஷயமில்லை. அங்கேயே வாழ்ந்த ராடரிக் புக்கனன் 1990களின் நடுவில் உள்ளூர் அமெச்சூர் ஆட்டக்காரர்களைப் படம் எடுத்தார். அவர்கள் போட்டிருந்தது இத்தாலியின் மிலான் நகரத்துப் பகையணிகளான ஏசி மிலான், இன்டர் மிலான் ஜெர்சிகள். தங்கள் ஊர்ச் சண்டையைக் கழற்றிவிட்டு, தூர தேசத்துச் சண்டை ஒன்றை மாட்டிக்கொண்ட முகங்கள்.

இதில் ஒரு குறும்பும் இருக்கிறது. மிலானும் இன்டரும் ஒரே ஸ்டேடியத்தைப் பகிர்கின்றன. 1926இல் திறந்த சான் சீரோ. தெற்கு வளைவுக் கேலரி ஒரு அணியின் ரசிகர்களுக்கு, வடக்கு வளைவுக் கேலரி மற்ற அணியின் ரசிகர்களுக்கு. ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு, நடுவில் சுவர் இல்லை.

எதிரணியே இல்லாம ஒருத்தர் தனியா ஆடினாராமே?

மாசிமோ ஃபுர்லான். அது நிறுவல் இல்லை, நிகழ்த்துகலை. ஆனால் கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். 1982 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் 3-3 என்று முடித்து, பெனால்டியில் பிரான்ஸ் தோற்றது. அந்த ஆட்டத்தை 2006இல் பாரிஸின் பார்க் டி பிரான்ஸ் மைதானத்தில் ஃபுர்லான் பிரான்ஸ் வீரர் பிளாட்டினியாக மாறி மறுபடி ஆடினார். பந்து கிடையாது, மற்ற 21 பேரும் கிடையாது. கூடுதல் நேரத்தையும் சேர்த்து இரண்டு மணி நேர ஓட்டம். பார்வையாளர்கள் ரேடியோவில் வர்ணனை கேட்டுக்கொண்டே பார்த்தார்கள்.

அடுத்த வருடம் வார்சாவில் போலந்து வீரர் போனியெக்காக ஆடினார். அந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. போரில் இடிந்த வார்சாவின் இடிபாடுகளைக் குவித்து 1955இல் கட்டிய ஸ்டேடியம் அது. பிறகு பாழடைந்து பெரிய சந்தையாக மாறி, இடிக்கப்படக் காத்திருந்தது. 2012 ஐரோப்பியக் கோப்பைக்கான புது ஸ்டேடியம் பின்னால் அதே இடத்தில் எழுந்தது. சாகப்போகும் கட்டடத்தில், இல்லாத பந்தை ஒரு மனிதர் துரத்தினார், பார்வையாளர்கள் கோலுக்குக் கத்தினார்கள்.

வெறும் சத்தத்தை வச்சு ஸ்டேடியம் கட்ட முடியுமா?

பால் ஃபைஃபர் கட்டினார். 2007இல், லண்டனின் புது வெம்பிளி ஸ்டேடியம் திறந்த அதே வருடம், அதன் பக்கத்தில் இருந்த ஒரு கிடங்கில் 'தி செயின்ட்ஸ்' என்ற ஒலி நிறுவலை அமைத்தார். உள்ளே போனால் கிட்டத்தட்ட வெற்றிடம். நாலா பக்கமும் கூட்டத்தின் கர்ஜனை. 1966இல் பழைய வெம்பிளியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்ற உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் ஆரவாரம் அது என்று புரிய வரும். தூரத்தில் சின்னத் திரையில் ஒரே ஒரு ஆட்டக்காரர். மற்றவர்களை ஃபைஃபர் அழித்திருந்தார்.

அப்புறம் சுவருக்குப் பின்னால் போனால் குட்டு உடைகிறது. அந்தக் குரல்கள் ஆங்கிலேயர்களுடையவை இல்லை. மணிலாவில் ஒரு திரையரங்கில் ஆயிரம் பிலிப்பைன்ஸ்காரர்களைக் கூலிக்கு அமர்த்தி, பழைய ஆட்டத்தைத் திரையிட்டு, பாட்டும் கோஷமும் பாட வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். இங்கிலாந்து தன் தேசப் பெருமையின் உச்சம் என்று நினைக்கும் ஒலியை, அந்த ஆட்டத்தோடு எந்த ஒட்டுறவும் இல்லாதவர்கள் பிசிறில்லாமல் பாடிக் கொடுத்துவிட்டார்கள்.

இதைக் கேட்டுச் சிலர் "அப்போ அது போலி" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கத்த ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் தொண்டையில் வருவது நிஜம்தான். கூலிக்குக் கத்தினாலும் தொண்டை கட்டும்.

கட்டெலானோட நீளமான ஃபூஸ்பால் மேசையைப் பார்த்திருக்கேன். அது ஜோக்தானே?

முதல் பார்வைக்கு ஜோக். இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலான் 1991இல் செய்த 'ஸ்டேடியம்' என்ற மேசைக் கால்பந்து, பக்கத்துக்கு 11 பேர் நின்று ஆடும் அளவுக்கு நீளம். பொலோன்யாவில் அதைக் காட்டியபோது ஒரு பக்கம் வட இத்தாலியில் வேலை செய்துகொண்டிருந்த ஆப்பிரிக்கக் குடியேறிகள், மறுபக்கம் வெள்ளை இத்தாலியர்கள். குடியேற்றம் குறித்து இத்தாலியில் கசப்பு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. குடியேறிகளைக் கொண்டு கட்டெலான் ஒரு அணியே உருவாக்கி ஜெர்சியும் போட்டுவிட்டார். ஜெர்சியில் இருந்த விளம்பரதாரர் பெயர் 'ராவுஸ்'. அப்படி ஒரு நிறுவனம் கிடையாது. ஜெர்மன் மொழியில் 'வெளியே போ' என்று துரத்தும் சொல் அது. விரட்டும் சொல்லை நெஞ்சில் விளம்பரமாகச் சுமந்துகொண்டு ஆடினார்கள்.

மேசையின் அமைப்பையும் பாருங்கள். ஒவ்வொருவர் கைக்கும் மேசையின் ஒரு சின்னப் பகுதிதான். பக்கத்தில் இருப்பவர் தூங்கினால் நீங்கள் என்ன ஆடியும் பயனில்லை. எதிரியோ ஒரு கை தூரத்தில், மூச்சு படும் நெருக்கத்தில். ஸ்டேடியத்தில் இருந்து இங்கே எடுக்கப்பட்டது தூரம்.

விதியை மாத்திட்டா பகை போயிடுமா? மூணு அணி ஆடுற கால்பந்து இருக்குன்னு கேள்விப்பட்டேன்.

இருக்கிறது. டென்மார்க் கலைஞர் ஆஸ்கர் யோர்ன் 1962இல் தன் தத்துவக் கருத்து ஒன்றை விளக்கச் சொன்ன உதாரணம் அது. ஆறு பக்க ஆடுகளம், மூன்று கோல். அதிகம் அடித்தவர் இல்லை, குறைவாக வாங்கியவர்தான் வென்றவர். பல வருடம் ஏட்டளவில் இருந்து, 1990களில்தான் ஆட ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து மூன்றாமவரை அடிப்பது, பாதியில் கட்சி மாறுவது எல்லாம் நடக்கும். பகை போகவில்லை, அரசியலாக மாறிவிட்டது.

மெக்சிகோவின் குஸ்தாவோ ஆர்தீகாஸ் வேறு வழியில் போனார். அமெரிக்க எல்லையை ஒட்டிய திஹுவானாவில், ஒரே உள்ளரங்கில், ஒரே நேரத்தில், மெக்சிகோப் பள்ளி அணிகள் இரண்டு கால்பந்தும் சான் டியேகோவின் அணிகள் இரண்டு கூடைப்பந்தும் ஆடின. இடிபட்டுச் சாவார்கள் என்று நினைத்தால், கொஞ்ச நேரத்தில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு இரண்டு ஆட்டமும் ஓடின. எல்லைச் சுவர் பற்றிப் பேச்சே இல்லாமல் எல்லையைப் பற்றிய படைப்பு. இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் ஒன்றைத்தான் நேரில் பார்க்கலாம் என்று யாராவது வரம் கொடுத்தால் இதைக் கேட்பேன்.

ஸ்டேடியம் கட்டடமே கலைப்படைப்புதானே? மியூனிக் ஸ்டேடியம் நிறம் மாறுமே.

அலியான்ஸ் அரேனாவைச் சொல்கிறீர்கள். ஹெர்ட்சோக், டி மியூரோன் என்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து 2005இல் திறந்தது. காற்றடைத்த பிளாஸ்டிக் மெத்தைகளால் ஆன வெளிச்சுவர், உள்ளே விளக்கு. பேயர்ன் அணி ஆடினால் சிவப்பு, அதே ஊரின் '1860 மியூனிக்' அணி ஆடினால் நீலம், தேசிய அணி ஆடினால் வெள்ளை. பகையாளிகள் இருவரையும் ஒரே தோலில் மாற்றி மாற்றிக் காட்டிய கட்டடம். 2017இல் '1860 மியூனிக்' அணி வெளியேறிய பிறகு நீலத்துக்கு வேலை போய்விட்டது.

அழகுதான், ஆனால் நிறுவல் என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது கேள்விக்குச் சொன்ன அளவுகோல் நினைவிருக்கிறதா? இங்கே எதுவும் எடுக்கப்படவில்லை, எல்லாம் ஆட்டத்துக்குச் சேவை செய்கிறது.

அப்போ ரசிகர்கள் விரிக்குற டிஃபோ? அது கலைஞர்கள் செய்றதைவிடப் பிரமாதமா இருக்கே!

டிஃபோ என்பது ஆட்டம் தொடங்கும்போது ரசிகர்கள் அட்டைகளையும் துணிகளையும் தூக்கிப் பிடித்து ஒரு முழுக் கேலரியையே படமாக்குவது. ஜெர்மனியின் டோர்ட்முண்ட் ஸ்டேடியத்தில் தெற்குக் கேலரியில் மட்டும் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே பார்ப்பார்கள். அந்த அளவில் துணி பிடிக்க எந்த அருங்காட்சியகத்திலும் ஆள் கிடையாது. இதில் ஒரு விசித்திரம்: தூக்கிப் பிடிப்பவருக்குத் தன் கையில் இருக்கும் அட்டை மட்டும்தான் தெரியும். முழுப் படமும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் எதிரிக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இது கலையா என்று என்னோடு வாதாடுகிறவர்கள் அதிகம். கலைதான். அதை மடித்து எடுத்துக் கண்காட்சியில் மாட்டும் நிமிடம் செத்துவிடும், அவ்வளவுதான் பிரச்சினை.

வீடியோவை யூடியூப்ல பார்த்தா போதாதா? எதுக்கு இருட்டறையில நிக்கணும்?

ஃபரோக்கியின் 12 திரைகளை முதல் பதிலில் பார்த்தோம். அதை ஒரே கைபேசித் திரையில் பார்த்தால் படைப்பே இல்லை. டக்ளஸ் கார்டனும் பிலிப் பரேனோவும் 2005 ஏப்ரல் 23 அன்று ரியல் மாட்ரிட் ஆட்டத்தில் 17 கேமராக்களை ஸிடான் மேல் மட்டும் திருப்பிவைத்தார்கள். திரையரங்குப் படமாகவும் வந்தது, இரண்டு திரை நிறுவலாகவும் வந்தது. அதில் முக்கால்வாசி நேரம் அவர் சும்மா நிற்கிறார், நடக்கிறார், தரையில் காலைத் தேய்க்கிறார். அன்றும் கடைசியில் சிவப்பு அட்டைதான். கைபேசியில் என்றால் தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள்.

ஸ்டேடியத்துல ஆட்கள் செத்திருக்காங்க. அதையும் கலையாக்குறது சரியா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் வேகமாகப் பதில் சொல்வதில்லை. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹைசல் ஸ்டேடியத்தில், லிவர்பூல் - யுவென்டஸ் இறுதி ஆட்டம் தொடங்கும் முன்பே, ரசிகர் மோதலில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். இருபது வருடம் கழித்து அங்கே பாட்ரிக் ரிமூ ஒரு சூரியக் கடிகாரத்தை நினைவுச் சின்னமாக அமைத்தார். 39 விளக்குகள். அதில் பகையும் இல்லை, பந்தும் இல்லை. சரியாக இருக்கிறது.

சிலியில் 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் சாந்தியாகோவின் தேசிய ஸ்டேடியத்தைச் சிறையாக்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்களை அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். பின்னால் ஸ்டேடியத்தைப் புதுப்பித்தபோது எட்டாம் எண் வாயிலின் பக்கத்தில் பழைய மர பெஞ்சுகளை மட்டும் அப்படியே விட்டார்கள். அங்கே யாரும் உட்காருவதில்லை. சுற்றிலும் கூட்டம் குதிக்கும்போது அந்தத் துண்டு மட்டும் காலியாக இருக்கும். எந்தக் கலைஞரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் ஸ்டேடியத்துக்குள் இருக்கும் மிகச் சிறந்த நிறுவல் எது என்று கேட்டால் நான் அந்தப் பெஞ்சுகளைத்தான் காட்டுவேன்.

தோல்வியையும் சாவையும் குழப்பக் கூடாது என்பதற்கும் ஒரு படைப்பு உண்டு. கட்டெலான் 1999இல் இங்கிலாந்து அணியின் தோல்விகளை எல்லாம் கறுப்பு கிரானைட்டில் வரிசையாகப் பொறித்தார், வாஷிங்டனின் வியட்நாம் போர் நினைவுச் சுவரை ஞாபகப்படுத்தும் விதத்தில். சிரிப்பு வருகிறது, அடுத்த நிமிடமே சிரித்ததற்குக் கூச்சமாக இருக்கிறது.

கல்லூரிக் கண்காட்சிக்கு நாங்களும் ஒண்ணு செய்யலாம்னு இருக்கோம். பணம் இல்லை. எங்க ஆரம்பிக்கிறது?

ஸ்டேடியம் மாதிரி ஏதாவது கட்டப் போகாதீர்கள், தெர்மோகோல் பொம்மைதான் மிஞ்சும். மைடேர் லோபெஸ் என்ற கலைஞர் 2007 ஷார்ஜா பியென்னாலேயில் (இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி) செய்ததைப் பாருங்கள். ஒரு பொதுச் சதுக்கத்தின் தரையில் முழுக் கால்பந்து ஆடுகளத்தின் கோடுகளை வரைந்தார். அங்கிருந்த பெஞ்சுகளும் விளக்குக் கம்பங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆடலாம், உட்கார்ந்து அரட்டையும் அடிக்கலாம், யாரும் யாரையும் எழுப்ப முடியாது.

உங்களுக்குத் தேவை வெள்ளைப் பெயிண்ட், ஒரு நீளக் கயிறு, அனுமதி. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம், அதை முதலில் வாங்குங்கள். அளவைச் சரியாக எடுங்கள், கோணல்மாணலாக இருந்தால் சும்மா கிறுக்கியதாக நினைத்துவிடுவார்கள். பெனால்டி பகுதிக்குள் மரமோ தூணோ வந்தால் கோட்டை வளைக்காதீர்கள், அது அங்கேயே நிற்கட்டும்.